மாம்பழ மாளிகையில் காணாமல் போன வேன்

கிருஷ்ணகிரிக்கு வாடகைக் காரில் போகலாம் என்று ரோஷன் பீ சொன்னதும், அதாவுல்லா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனதும் வியாழக்கிழமை. ஞாயிறு காலையிலும் அந்தக் கோபம் ஆறவில்லை.

"ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் இத்தன வருசமா நான்தான் ஏத்தி எறக்குறேன். எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகைய எங்கக்கா கையில குடுக்க இன்னொருத்தன் வண்டியில போவணுமா?" என்று கேட்டுக்கொண்டே மஞ்சள் வேனின் கண்ணாடியைத் துடைத்தார்.

வியாழனன்று மகள் ஃபிசா அத்தாவின் பக்கம்தான் பேசினாள். அம்மாவுக்குச் சமீப காலமாக என்னவோ ஆகிவிட்டது என்பது அவள் எண்ணம். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் ரோஷன் பீ திடீரென்று அத்தாவின் பள்ளிக்கூட வேனில் ஆயாவாகப் போக ஆரம்பித்தாள். மூட்டு வலியோடு காலையும் மாலையும் குழந்தைகளோடு அலைகிறாள். கல்யாணச் செலவுக்கு என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஃபிசாவும் அப்படித்தான் நினைத்தாள். ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் நல்ல வேலையில் இருக்கும் தனக்கு அது அவமானம் என்றுகூட ஒரு நாள் சொல்லிவிட்டாள். அம்மா மறுநாளும் வேனில் ஏறிப் போனாள்.

வேனில் இன்று நாலு பேர். நாலாவது ஆள் ஸோயா, ஒன்றாம் வகுப்பு. மத்திகிரியில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் முபீனாவின் மகள். தினமும் இதே வேனில் பள்ளிக்கூடம் போகிறவள். அதாவுல்லா அவளுக்கு 'வேன் தாத்தா'. இந்தப் பழக்கத்தில்தான் முபீனா, தன் தம்பி ஜீஷானுக்கு ஃபிசாவைப் பெண் கேட்டு வந்தாள். "எம் புள்ளைய நம்பிக் குடுத்த வூடு. இதுக்கு மேல என்ன விசாரிக்கணும்?" என்று அன்று அவள் சொன்னது மாப்பிள்ளை வீட்டார் வாயையெல்லாம் அடைத்துவிட்டது. நிக்காஹ் அடுத்த மாதம். வேன் தாத்தா ஊருக்குப் போகிறார் என்று தெரிந்ததும் ஸோயா அழுது அடம் பிடித்தாள், முபீனா தலை சீவி அனுப்பிவைத்தாள்.

ரோஷன் பீ முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பாலத்து மேல ஏறாதீங்க, கீழயே போங்க," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "இப்ப நேராப் போங்க," என்றாள். பிறகு, "அந்த லாரிய வுட்டுட்டுப் போங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அதாவுல்லா.

"அம்மா, அத்தாவுக்கே வழி சொல்றியா?" ஃபிசா பின்னாலிருந்து கேட்டாள். ரோஷன் பீ திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அயர்ச்சிதான் இருந்தது.

சூளகிரியைத் தாண்டியதும் ஸோயா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தினாள். நெடுஞ்சாலையின் இடது பக்கத்தில், மாந்தோப்பின் நடுவே, மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சிமென்ட் மாம்பழம் நின்றது. பெங்களூரா மாங்காய்போல மூக்கு வளைந்து, மஞ்சளடித்து, ஒரு கன்னத்தில் மட்டும் சிவப்புப் பூசியிருந்தார்கள். காம்பு இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு பால்கனி. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பெயர்ப்பலகை: மாம்பழ மாளிகை. உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

"வேன் தாத்தா, மாம்பழத்துக்குள்ள போலாம் தாத்தா."

"போலாம் கண்ணு," என்று அதாவுல்லா சர்வீஸ் ரோட்டில் வண்டியை இறக்கினார். கோபமெல்லாம் போய் முகம் விரிந்திருந்தது.

டிக்கெட் கிழித்தவர் பாஸ்கரன். தோப்பும் அவருடையது, மாம்பழமும் அவருடையது. "மாம்பழக்கூழ் கம்பெனிக்குப் பழம் போட்டு வெல கெடைக்கலீங்க. அதான் ஒரே பழமா கட்டிட்டேன், இது அழுகாது பாருங்க," என்று எல்லோரிடமும் சொல்லும் வேடிக்கையை இவர்களிடமும் சொன்னார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கிளி, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மூன்று மொழியிலும் வணக்கம் சொன்னது. ஸோயா அதன் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தாள்.

ரோஷன் பீயால் படி ஏற முடியாது. ஜூஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "ஃபிசா, நீ கூடவே போ," என்றாள். அதையே இரண்டாவது தடவையும் சொன்னாள்.

கீழ்த்தளம் முழுக்கக் கண்ணாடிகள். வளைந்தவை, நெளிந்தவை, குழிந்தவை. ஒன்றில் ஸோயா பனைமர உயரம் வளர்ந்தாள். ஒன்றில் ஃபிசா அண்டா மாதிரி உருண்டாள். மூவரும் சிரித்தார்கள். அத்தா இப்படிச் சிரித்துப் பல நாளாயிற்று என்று ஃபிசாவுக்குத் தோன்றியது. அப்புறம் அவர் ஒரு கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார். முகம் இரண்டாகப் பிரிந்து தெரிகிற கண்ணாடி. சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கி, யாரோ தெரியாதவர் எதிரே வந்து நிற்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஃபிசாவின் கைபேசி அடித்தது. ஜீஷான். சிமென்ட் சுவருக்குள் அவன் குரல் துண்டு துண்டாக வந்தது.

"அத்தா, நீங்க ஸோயாவ மேல கூட்டிப் போங்க, நான் பேசிட்டு வரேன்."

"ம்," என்றார் அவர்.

வெளியே வந்து பிரியாணி மாஸ்டரைப் பற்றிப் பேசினார்கள். ஜீஷானுக்கு வாணியம்பாடி மாஸ்டர்தான் வேண்டுமாம். பேச்சு நீண்டது. முடித்துவிட்டுத் திரும்பியபோது அம்மா எதிரே நின்றிருந்தாள்.

"அவரு எங்க?"

"மேல போயிருக்காங்க."

"தனியா வுட்டுட்டு வந்தியா?"

"ஸோயா கூடத்தானே…" என்று ஃபிசா சொல்லி முடிப்பதற்குள், படி ஏற முடியாத ரோஷன் பீ முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாம்பழத்துக்குள் ஓடினாள்.

ஃபிசா அவளைத் தாண்டி மேலே போனாள். இரண்டாவது தளத்தில் ஒரு புது ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. பால்கனியில் யாரும் இல்லை. அங்கிருந்து பின்பக்கமாக ஒரு படிக்கட்டு இறங்கியது. ஏறுகிறவர்கள் முன்வாசலில் நுழைந்து, பின்வாசலில் இறங்கி, வண்டி நிறுத்துகிற இடத்துக்கே போய்விடலாம். ஃபிசா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

வேன் நின்ற இடம் காலியாக இருந்தது.

அத்தாவின் எண்ணுக்கு அடித்தாள். கீழே, ஜூஸ் கடை மேஜையில் அம்மாவின் பைக்குள்ளிருந்து மணி கேட்டது.

பாஸ்கரன் வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டார். தன் கைபேசியில் கேமரா பதிவை ஓட்டிக் காட்டினார். பின்வாசலில் அதாவுல்லா ஸோயாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். வேனின் பக்கக் கதவைத் திறந்து அவளைத் தூக்கி உட்கார வைக்கிறார். தலையை உள்ளே விட்டு சீட்டுகளை வரிசையாகப் பார்க்கிறார். கதவைச் சாத்தி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார். தினமும் பள்ளிக்கூட வாசலில் அவர் செய்வதெல்லாம் அதே ஒழுங்கில். அவசரமோ தடுமாற்றமோ எதுவுமே இல்லை. வண்டி சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பாலத்தின் அடியில் திரும்பி, ஓசூர் பக்கம் போனது.

"ஸ்கூல் வுட்டுருச்சுன்னு நெனச்சிட்டாரு," என்றாள் ரோஷன் பீ. சத்தமே இல்லாமல் சொன்னாள்.

ஃபிசாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பாஸ்கரன் தன் காரை எடுத்தார். "ஏறுங்கமா. மஞ்ச வேனு, எங்க போனாலும் தெரியும்." வழியில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டு, வண்டி கண்ணில் பட்டால் நிறுத்தி வைக்கச் சொன்னார். பின் சீட்டில் தாயும் மகளும்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் ஃபிசா.

"போன நோம்புக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சம். நம்ம தெருவுக்கே வழி தெரியாம சுத்திட்டு வந்தாரு ஒரு நாளு. பொங்கல் லீவுல பெங்களூர்ல ஒரு டாக்டருகிட்ட கூட்டிப் போனேன். மூளை தேயுற வியாதியாம். இன்னும் ஏறும், கொறையாதுன்னாரு."

"எங்கிட்ட கண்ணு டெஸ்ட்டுன்னு சொன்ன."

"ம்."

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

ரோஷன் பீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சொன்னாரு. அதான் நான் பக்கத்துல உக்காந்தேன். ஒவ்வொரு திருப்பமும் நான்தானே சொல்றேன். ஒரு நாளாவது ஒரு புள்ளைக்குக் கீறல் பட்டுச்சா?"

"அம்மா."

"அந்த வேனு போச்சுன்னா அவரும் போயிருவாரு ஃபிசா. காலைல எழுந்து அந்தக் கண்ணாடியத் தொடைக்கும்போதுதான் அவரு அவரா இருக்காரு. உன் கல்யாணம் முடியட்டும், அப்புறம் எதாச்சும் சொல்லி வித்துடலாம்னு இருந்தேன். மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா பரம்பரை வியாதிம்பாங்க. உன்னையும் சேத்து எட போடுவாங்க."

"அண்ணனுக்குத் தெரியுமா?" துபாயில் இருக்கும் சமியுல்லாவைத்தான் கேட்டாள்.

"யாருக்கும் தெரியாது."

ஆயா வேலை அவமானம் என்று தான் சொன்ன அந்த நாள் ஃபிசாவின் நினைவுக்கு வந்து குத்தியது. கூடவே ஆத்திரமும் வந்தது. இத்தனை மாதமாக ஒரு வேன் நிறைய குழந்தைகள்.

அவசர போலீசுக்குச் சொல்ல வேண்டும். முபீனா அக்காவுக்குச் சொல்ல வேண்டும். கைபேசியை எடுத்தாள். முபீனாவின் பெயரில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது. அம்மா தடுக்கவில்லை. தடுத்திருந்தால் மீறி அடித்திருப்பாள். நிக்காஹ் மண்டபம், ஜீஷானின் குரல், அச்சடித்த பத்திரிகைக் கட்டு எல்லாம் அந்தப் பெயருக்கு மேலே வந்து நின்றன. ஒரு பச்சைக் குழந்தை நெடுஞ்சாலையில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, நான் என் கல்யாணத்தைப் பற்றி யோசிக்கிறேன் என்று தன்னையே கண்டாள். கண்டபிறகும் விரல் உடனே அசையவில்லை.

"போலீசுக்குச் சொல்லிடலாம்மா, அதான் நல்லது," என்றார் பாஸ்கரன் முன்னாலிருந்து, கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"சொல்லுங்க," என்றாள் ஃபிசா.

அவர் எண்ணை அழுத்தப் போகும்போது பேரண்டபள்ளி வந்துவிட்டது. அதே நேரம் அவள் கைபேசி அடித்தது. முபீனா.

"ஃபிசா, எங்க இருக்கீங்க எல்லாரும்? மாமா ஸோயாவ வுட்டுட்டுப் போய்ட்டாரு."

ஃபிசா கண்களை மூடிக்கொண்டாள். "ஸோயா உங்க கூட இருக்காளா அக்கா?"

"இதோ, மடியில இருக்கா. ஆனா என்னா இது? கிருஷ்ணகிரிக்குத்தானே போனீங்க? அதுக்குள்ள எப்படித் திரும்புனீங்க? உங்கம்மா எங்கன்னு கேட்டா ஒண்ணும் சொல்லல. 'நாளைக்கு டெஸ்ட் இருக்குல்ல, சீக்கிரம் ரெடி பண்ணி வைமா'ன்னு சொல்லிட்டுப் போறாரு. என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடல."

ரோஷன் பீ மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "டயர் பஞ்சர்னு சொல்லு. நாம வேற வண்டியில வரோம்னு சொல்லு," என்று உதடுகள் மட்டும் அசைந்தன.

"வூட்டுக்கு வரேன்க்கா. நேர்ல சொல்றேன்," என்றாள் ஃபிசா. வைத்துவிட்டாள்.

ரோஷன் பீ தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாய்க்குள் துஆ ஓதினாள். ஓதி முடித்ததும் சட்டென்று நிமிர்ந்தாள். "ஸோயாவுக்கு அடுத்த ஸ்டாப்பு மாட்டுப் பண்ணை கேட்டுதான். ரெண்டு புள்ளைங்க அங்க எறங்கும். அங்கதான் போயிருப்பாரு."

போயிருந்தார்.

மத்திகிரி கால்நடைப் பண்ணையின் சுற்றுச்சுவரை ஒட்டி, புளிய மரத்தடியில் வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இன்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி அதாவுல்லா கீழே நின்றிருந்தார். உள்ளே யாரும் இல்லை. யாரோ இறங்குவதற்காக அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

ரோஷன் பீ காரிலிருந்து இறங்கி நடந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. பிறகு குழப்பம்.

"ரோஷன், நீ ஏன் வண்டியில இல்ல?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க."

அவர் வேனுக்குள் பார்த்தார். காலி சீட்டுகளைப் பார்த்தார். பாஸ்கரனின் காரைப் பார்த்தார். தன் வெள்ளைச் சட்டையை, விசேஷத்துக்குப் போட்ட சட்டையை, கையால் தடவிப் பார்த்தார். மெதுவாகக் கால்படியில் உட்கார்ந்தார்.

"ஸோயா?"

"அவங்க வூட்ல பத்தரமா இருக்கா அத்தா. நீங்கதான் கொண்டு போய் வுட்டீங்க," என்றாள் ஃபிசா.

"உங்கள எங்க வுட்டேன் நான்?"

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். இப்போது அந்தக் கண்கள் முழுக்கத் தெளிந்திருந்தன. அது ஃபிசாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீ காலைல குடுக்குறியே, பிரஷர் மாத்திரைன்னு. அது பிரஷர் மாத்திரை இல்லதானே?"

ரோஷன் பீ நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு என்னா ஆவுதுன்னு எனக்கே சொல்லல நீ. ராத்திரியில படுத்துட்டு யோசிப்பேன். எனக்குப் பைத்தியம் புடிக்குது, இவளுக்குத் தெரியாமப் பாத்துக்கணும்னு. நீ அங்க படுத்து என்னப் பாத்துட்டு இருந்திருக்க." அவர் குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் ஒரே வூட்ல."

ஃபிசா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அத்தா, சாவி."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார். சாவி அவர் உள்ளங்கைக்குள் இருந்தது. விரல்கள் திறக்கவில்லை.

"நாளைக்கு யாரு ஓட்டுவா? ஏழு மணிக்கு மொத புள்ள நிக்கும்."

"எல்லார் வூட்டுக்கும் நான் சொல்லிடுறேன்."

"என்னான்னு சொல்லுவ?"

"உள்ளதச் சொல்றேன்."

"ஃபிசா," என்று ரோஷன் பீ எச்சரிக்கிற குரலில் கூப்பிட்டாள். "மத்தவங்களுக்கு எதுனா சொல்லு. முபீனாகிட்ட மட்டும் இன்னிக்கு வேணாம். ஒரு மாசம். ஒரே மாசம்."

அதாவுல்லா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கை திறந்தது. வேர்வையில் நனைந்த சாவியை அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்ததும் அவர் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முழங்கால் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

பாஸ்கரன் அவர்கள் இருவரையும் வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். ஃபிசா தனியாக நடந்தாள். மத்திகிரி வாடகை வீட்டு வரிசைகளில் ஞாயிற்றுக்கிழமைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நடக்கும்போது பஞ்சர் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் முபீனா நம்பிவிடுவாள். நம்பாவிட்டாலும் நம்புவதுபோல இருந்துவிடுவாள். அவளுக்கும் இந்தக் கல்யாணம் வேண்டும்.

முபீனா வீட்டு வாசலில் ஜீஷானின் பைக் நின்றது. அக்கா கூப்பிட்டிருக்கிறாள்.

ஸோயாதான் முதலில் ஓடி வந்தாள். "ஃபிசாக்கா, நாங்க மாம்பழத்து உச்சிக்குப் போனோம். வேன் தாத்தா என்னை அங்க 'சரிதா'ன்னு கூப்பிட்டாரு. 'நான் ஸோயா, தாத்தா'ன்னு சொன்னேன்."

சரிதா போன வருடம் ஊர் மாறிப் போன குழந்தை. இதே வேனில் வந்தவள்.

முபீனா கதவருகே வந்து நின்றாள். அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. "உள்ள வா ஃபிசா. என்னா நடந்துச்சு?"

ஸோயா ஃபிசாவின் கையைப் பிடித்து ஆட்டினாள். "நாளைக்கு டெஸ்ட்டு. வேன் தாத்தா சீக்கிரம் வருவாருல்ல?"

ஃபிசா முபீனாவைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், ஹாலில், கைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஜீஷான் எழுந்து நிற்பது தெரிந்தது.

"வரமாட்டாரு கண்ணு," என்றாள் ஃபிசா. "இனிமே வேன் தாத்தா வண்டி ஓட்ட மாட்டாரு."

"ஏன்?" என்று கேட்டது ஸோயா இல்லை. ஜீஷான்.

ஃபிசா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முபீனா அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள்.